புகை இருந்தது, இழுப்பு இல்லை

மயூர் விஹார் அம்மா:
தீபாவளி முடிந்ததும் எங்கள் வீட்டில் நெபுலைசர், அதான் மருந்தை ஆவிபோல் மூச்சில் இழுக்க வைக்கும் கருவி, பரணிலிருந்து இறங்கிவிடும். பெரியவனை 2018, 2019 இரண்டு நவம்பரிலும் வீசிங்கோடு அட்மிட் செய்தோம். டெல்லிப் புகைதான் காரணம் என்பது மாமியாரின் தீர்ப்பு. "பிள்ளைய தஞ்சாவூர்ல கொண்டாந்து விட்டுடும்மா" என்பார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

2020 நவம்பரிலும் புகைக்குக் குறைச்சலில்லை, எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இவன் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. மார்ச்சிலிருந்தே பள்ளி கிடையாது, வெளியே போனால் மாஸ்க். நெபுலைசரை எடுத்துப் பார்த்தால் முகமூடியின் ரப்பர் பட்டை இற்றுப்போய், இழுத்ததும் கையோடு வந்தது. புகை மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், ஆனால் சின்ன வயதில் இழுப்பைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் சளி வைரஸ்தான் என்றார் டாக்டர்.

சின்னவள் 2020 மே மாதம் பிறந்தவள். சளி என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தாள். 2021 செப்டம்பரில் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து தங்கினார்கள். ஐந்தாம் நாள் ராத்திரி, மூச்சு வாங்கும்போது விலாவுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து போனது. ஆர்எஸ்வி என்ற சளி வைரஸ். மூன்று நாள் ஆக்சிஜன். குளிர்கூட ஆரம்பிக்கவில்லையே என்று டாக்டரிடம் கேட்டேன். ஆஸ்திரேலியாவிலும் 2020 குளிர்காலத்தில் காணாமல் போன ஆர்எஸ்வி அடுத்து வந்த கோடையில் திரும்பி வந்ததாம்.

ஆர்.கே.புரம் நர்ஸ்:
நான் குழந்தைகள் வார்டு. நீங்கள் சொன்ன 2020 நவம்பர் குளிர்காலத்தில் எங்களிடம் பாதிக் கட்டில் காலி. எல்லாம் மாஸ்க்கின் புண்ணியம் என்று சொல்லிவிட முடியாது. கொரோனா பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல், முற்றியபின் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. இன்னொன்று, சாதாரணச் சளியைக் கொண்டுவரும் ரைனோ வைரஸ் அப்போதும் ஓயவில்லை. கொரோனாவுக்கு இருப்பதுபோல் கொழுப்பாலான மேலுறை அதற்கு இல்லாததால் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முனிர்க்கா அப்பா:
எங்கள் வீட்டில் நேர் எதிர். லாக்டவுன் முழுக்க மகளுக்கு இருமல். கடைசியில் பார்த்தால் சமையலறைப் புகைபோக்கியில் புறாக்கூடு! சரி, எல்லாவற்றுக்கும் வைரஸ் இல்லை.

மயூர் விஹார் அம்மா:
புறா என்றதும் எங்கள் பால்கனி ஞாபகம் வருகிறது. அப்புறம், 2022 பிப்ரவரி 14 அன்று சின்ன வகுப்புகளைத் திறந்தார்கள் இல்லையா? மார்ச் முடிவதற்குள் பெரியவனுக்கு மூன்று தடவை சளி. இரண்டாவது தடவையே நெபுலைசருக்குப் புது முகமூடி வாங்கிவிட்டேன். அட்மிஷன்வரை போகவில்லை.