பழைய கார் ஏசி: செலவு செய்து சரிசெய்வதா, அப்படியே விட்டுவிடுவதா?

பின்சீட்டு:
வண்டிக்கு 14 வயது. எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. ஏசிதான் படுத்துகிறது. போன வருடம் கேஸ் நிரப்பினேன், ஐந்து மாதம் வந்தது. மறுபடி நிரப்பினேன், ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது சுவிட்சைப் போட்டால் வெறும் காற்றுதான், முன்பு கேட்கும் அந்த 'டக்' சத்தமும் இல்லை. கேஸை அழுத்தும் கம்ப்ரசர், அதன் சூட்டை வெளியே விடும் கண்டன்சர், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவர் சொல்லும் தொகை, வண்டியை இன்று விற்றால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. இன்னும் நான்கு வருடமாவது ஓட்டும் எண்ணம். அம்மாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன், திரும்பும்போது வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தால் அவருக்குத் தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?

ஸ்பானர்:
ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. ஐந்து மாதம் வந்தது ஆறு வாரமாகிவிட்டது என்றால் எங்கோ ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது தடவை கேஸ் நிரப்பவே நிரப்பாதீர்கள். 'டக்' கேட்கவில்லை என்பதற்காகக் கம்ப்ரசர் போய்விட்டது என்று அர்த்தமில்லை, கேஸ் குறைந்தால், கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்சைப் பிரஷர் சுவிட்ச் சேரவிடாது, அது சேரும் சத்தம்தான் அந்த 'டக்'. கேஸோடு சேர்ந்துதான் எண்ணெய் சுற்றுகிறது, கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரசர் காய்ந்து இறுகிவிடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு.

பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, பைப் இணைப்புகளையும் கண்டன்சரின் ஓரங்களையும் பாருங்கள். எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, கருப்பாகப் பிசுபிசுவென்று ஓர் இடம் தென்பட்டால் பெரும்பாலும் ஓட்டை அங்கேதான். கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், செலவை விற்கிற விலையோடு ஒப்பிடாதீர்கள். நீங்கள்தான் விற்கவே போவதில்லையே.

நெடுஞ்சாலை:
ஸ்பானர் சொல்வது சரி, ஆனால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்திருந்தால் கதையே வேறு. என் பழைய வண்டியில் கம்ப்ரசர் இறுகிப்போய், அதை மட்டும் மாற்றினேன். மூன்றே மாதத்தில் புதியதும் போனது. பழைய கம்ப்ரசர் கொட்டிய உலோகத்தூள் கண்டன்சருக்குள் தங்கிவிட்டது, இப்போதுள்ள கண்டன்சர்களில் குழாய்கள் அவ்வளவு நுண்ணியவை, கழுவினாலும் முழுதாக வராது. இரண்டு தடவை செலவு, இரண்டு தடவை வயிற்றெரிச்சல்.

பைப்பைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கேஸ் பாக்கியிருந்தால் மெஷினில் முழுதாக எடுத்த பிறகுதான் கழற்ற வேண்டும், அது நினைவிருக்கட்டும். ஒரு வெள்ளைத் துணியை விட்டு உள்ளே துடைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் தெளிவாக வந்தால் கம்ப்ரசரைத் தொட வேண்டாம். எண்ணெய் கருப்பாகி, அதில் வெள்ளித்தூள் மாதிரி மின்னினால் உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் நியாயம், அப்போது அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதே மேல்.

குளிர்காற்று:
கூலிங் காயில் பற்றி யாரும் சொல்லவில்லை. பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும், பொருளைவிடக் கூலி அதிகம். எனவே ஒழுகுவது அதுதான் என்று நிரூபணமாகாமல் சம்மதிக்காதீர்கள். கேஸ் ஓடும் சுற்றைத் திறந்தால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங் ரப்பர் வளையங்களையும் மாற்றிவிடுங்கள், அரை மணி நேரமாவது வேக்குவம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து) மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். ஓட்டையை அடைக்கும் மருந்து என்று டப்பாவில் விற்பதை உள்ளே விடவே வேண்டாம், அது வால்வை அடைத்துவிடும்.

பின்சீட்டு:
எல்லாருக்கும் நன்றி. வேறொரு இடத்தில் காட்டினேன். கண்டன்சரின் கீழ் மூலையில் கல் பட்ட தழும்பு, அதைச் சுற்றி நீங்கள் சொன்ன அதே கருப்புப் பிசுக்கு. துணியில் எண்ணெய் தெளிவாகவே வந்தது. கண்டன்சர், டிரையர், ஓ-ரிங்குகள், அவ்வளவுதான், முதலில் கேட்ட தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை. 40 நிமிடம் வேக்குவம் குறையாமல் நின்றது. ஓடும்போது ஏசி காற்று வரும் வென்டில் தெர்மாமீட்டர் வைத்தால் 8 டிகிரி. நேற்று அம்மா வரும் வழியிலேயே தூங்கிவிட்டார். சிக்னலில் நிற்கும்போது மட்டும் 14க்கு ஏறுகிறது, கண்டன்சர் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிற மாதிரி இருக்கிறது, அதைச் சனிக்கிழமை பார்க்கிறேன்.