அம்மாவுக்கு லூபஸ், எனக்கு இம்யூனாலஜி படிக்க ஆசை: இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்

வண்ணாரப்பேட்டை மாணவி:

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். பி.எஸ்சி மைக்ரோபயாலஜி கடைசி வருடம். அம்மாவுக்கு லூபஸ், எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். முதலில் மூட்டுவலி என்றார்கள், அப்புறம் ரத்தக்குறைவு என்றார்கள். ஏ.என்.ஏ. டெஸ்ட் (சொந்தச் செல்லின் உட்கருவையே தாக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது) எடுத்த பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயினும் ஸ்டீராய்டும் சாப்பிடுகிறார். ஸ்டீராய்டால் முகம் உப்பிவிட்டது, கல்யாணம் காட்சிக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

காக்க வேண்டிய செல்லே உடம்பைத் தாக்குகிறது என்று வகுப்பில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். ஏன் தாக்குகிறது என்று யாரும் சொல்லவில்லை. அதைத்தான் படிக்க வேண்டும் என்று இருக்கிறது. அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பி.எச்.டி. என்றால் இன்னும் எத்தனை வருடம், எப்போது சம்பளம் என்று கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்? இதைப் படித்தால் அம்மாவுக்கு ஏதாவது செய்ய முடியுமா?

தரமணி ரிசர்ச் ஸ்காலர்:

தேர்வு விவரம் மட்டும் சொல்கிறேன். முதலில் எம்.எஸ்சி முடிக்க வேண்டும். ஐஐடி ஜாம், காட்-பி என்ற இரண்டு நுழைவுத் தேர்வுகளையும் எழுதுங்கள். காட்-பி வழியாகச் சேரும் எம்.எஸ்சி இடங்களில் மாத உதவித்தொகை உண்டு. அப்புறம் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. இரண்டு வருடம் கழித்து 42,000. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் விகிதம். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். பி.எச்.டி. நம் கையிலிருந்து காசு கட்டிப் படிக்கும் படிப்பு இல்லை.

ராயபுரத்து அக்கா:

நான் கல்மண்டபத்துப் பெண். இப்போது பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் லூபஸ் நோயாளிகளின் டி செல்களை, அதாவது எதிர்ப்புச் சக்தி தரும் ஒரு வகை வெள்ளை அணுக்களை, பார்ப்பதுதான் வேலை. என் பெண் வயதுதான் உனக்கும் இருக்கும், நீ என்றே எழுதுகிறேன்மா.

ஏன் தாக்குகிறது என்று கேட்டாய் பார், அந்த ஒரு கேள்வியை வாழ்நாள் முழுக்க விடாமல் பிடித்திருந்தவர்தான் ஷிமோன் சகாகுச்சி. 2025இல் மருத்துவ நோபல் வாங்கிய மூவரில் ஒருவர். கதை 1969இல் ஆரம்பிக்கிறது. நிஷிசுகா, சகாகுரா என்ற இரண்டு ஜப்பானியர்கள் பிறந்து மூன்றே நாள் ஆன எலிக்குட்டிகளின் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். டி செல்கள் தயாராகும் இடமே தைமஸ்தான். எடுத்தால் எதிர்ப்புச் சக்தி குறையும் என்றுதானே நினைப்போம்? பெண் குட்டிகளின் சினைப்பை அழிந்துபோனது. அது உடம்பு தன்னையே தாக்கிக்கொண்டதால் வந்தது என்று பிறகு தெளிவானது. சகாகுச்சி நல்ல எலியின் டி செல்களை அப்படிப்பட்ட குட்டிகளுக்குச் செலுத்தினார். நோய் வரவில்லை. அப்படியானால் டி செல்களிலேயே, மற்றவற்றை அடக்கி வைக்கிற ஒரு வகை இருக்க வேண்டும்.

அப்போது இதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை. 70களில் ‘அடக்கும் டி செல்’ பற்றிக் கட்டுரைகள் குவிந்தன. அவை நம்பியிருந்த ஐ-ஜே என்ற மரபணு, சொன்ன இடத்தில் இல்லவே இல்லை என்று 1983இல் தெரிந்தது. துறையே அந்தப் பேச்சைக் கைகழுவிவிட்டது. அவர் விடவில்லை. 1995இல் சிடி25 என்ற அடையாளத்தை வைத்து அந்தச் செல்களைத் தனியே பிரித்துக் காட்டினார். 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் ஸ்கர்ஃபி என்ற நோயாளி எலியில் கெட்டுப்போயிருந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஃபாக்ஸ்பி3, அந்த அடக்கும் செல்கள் உருவாகத் தேவையான மரபணு. அவர்கள் வேலை செய்தது ஒரு பயோடெக் கம்பெனியில். பேராசிரியர் ஆவது மட்டும்தான் வழி என்று இல்லை. இதே மரபணு மனிதரில் கெட்டால் ஐபெக்ஸ் என்ற நோய் வரும், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. குடல், தோல், கணையம் எல்லாம் தாக்கப்படும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நீ கைடு தேடும்போது அவருடைய பேப்பர் எண்ணிக்கையைப் பார்க்காதே. அவரிடம் படித்து வெளியே போனவர்களைக் கூப்பிட்டுப் பேசு. பரிசோதனை கைகொடுக்காத வருடத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று கேள். ஒரு கேள்வியில் உன்னை நிலைத்து நிற்க விடுவாரா, வருடத்துக்கு ஒரு தலைப்பு மாற்றுவாரா? எனக்கு டெல்லியில் வாய்த்தவர் நிற்க விட்டார். நான் இன்னும் இந்தத் துறையில் இருப்பது அவரால்தான்.

சரி, வேலை எப்படி இருக்கும்? காலையில் ஓ.பி.யிலிருந்து ரத்தம் வரும். வந்த அன்றைக்கே முடித்தாக வேண்டும், மறுநாளைக்கு என்று வைத்தால் செல்கள் மாறிவிடும். சலைன் கலந்து நீர்க்கவைத்து, டியூபில் இருக்கும் ஃபைகால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் மெதுவாக, சுவரோரமாக விடுவோம். இரண்டும் கலக்கக் கூடாது. பிறகு சென்ட்ரிஃப்யூஜ், பிரேக் போடாமல். அது தானாகச் சுற்றி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், பிரேக் போட்டால் அடுக்குகள் கலைந்துவிடும். எடுத்துப் பார்த்தால் அடியில் சிவப்பு, அதன் மேல் தெளிந்த ஃபைகால், உச்சியில் மஞ்சள் பிளாஸ்மா. ஃபைகாலுக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவில் கலங்கலாக ஒரு வெள்ளை வளையம். நமக்கு வேண்டிய டி செல்கள் அந்த வளையத்தில்தான் இருக்கும். பிப்பெட்டை வட்டமாக நகர்த்தி நகர்த்தி உறிஞ்ச வேண்டும். அதற்குக் கை பழக மாதக்கணக்கில் ஆகும்.

லூபஸ் ரத்தத்தில் அந்த வளையத்தோடு நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் சிலவும் சேர்ந்து வரும். நியாயமாக அவை அடியில் போய்ச் சேர வேண்டியவை. ரத்தத்தைச் சரியாகப் பிரிக்கத் தெரியவில்லை என்று ஜூனியர் மாணவர்களைத் திட்டுவார்கள். ஆனால் அவை அடர்த்தி குறைந்த தனி வகை, லூபஸில் ரத்தக் குழாய்ச் சேதத்துக்கும் இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதம் கூடுவதற்கும் அவற்றுக்குப் பங்கு உண்டு. குப்பை என்று ஒதுக்கியதை யாரோ நின்று பார்த்ததால் கிடைத்த செய்தி அது.

அப்புறம் செல்கள் மேல் ஒளிரும் ஆன்டிபாடிகளை ஒட்டி, ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஏற்றுவோம். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொன்றாக லேசர் முன்னால் வந்து போகும். திரையில் புள்ளிகள் விழும். டி செல்களில் சிடி4 என்ற வகையில் ஐந்திலிருந்து பத்து சதவீதம்தான் நம் அடக்கும் செல்கள். நோய் முற்றிய நேரத்தில் எடுத்த ரத்தத்தையும் அடங்கிய பிறகு எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற நாள் எனக்கு இன்றைக்கும் பிடித்த நாள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டாய். உன் பி.எச்.டி.யால் அம்மாவின் நோய் தீரும் என்று நம்பி இதில் இறங்காதேம்மா. அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு பரிசோதனை செய்ய முடியாது. துறை வேகமாகப் போகிறது என்பது உண்மை. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்தில் கியோர்க் ஷெட் குழுவினர், நோயாளியின் டி செல்களையே எடுத்து, ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களை அழிக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்தினார்கள். கார்-டி என்பார்கள். 2022இல் வெளியிட்ட ஐந்து லூபஸ் நோயாளிகளுக்கும் நோய் அடங்கி, மருந்துகளை நிறுத்த முடிந்தது. ஆனால் அது இன்னும் சோதனைக் கட்டத்து சிகிச்சை. இன்றைக்கு நீ செய்ய வேண்டியது வேறு. ஹைட்ராக்சிகுளோரோகுயினை அம்மா நிறுத்தாமல் பார்த்துக்கொள். அதற்காக விழித்திரைப் பரிசோதனையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் நடக்க வேண்டும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். வெயிலில் குடை. மொட்டை மாடியில் வடாம் போடுவதை அடுத்தவர் செய்யட்டும்.

வண்ணாரப்பேட்டை மாணவி:

அக்கா, அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். 37,000 என்றதும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். எனக்கு இரண்டு சந்தேகம். எலிகளைக் கொல்ல வேண்டி வருமா? அப்புறம், நோயாளி ரத்தம் கைக்கு வரும்போது அம்மா ஞாபகம் வராதா?

பெரம்பூர் லேப் டெக்னீஷியன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஏ.என்.ஏ. ஸ்லைடு பார்க்கிறவன். ஹெப்-2 என்ற, லேபில் வளர்க்கும் மனிதச் செல்கள் மேல் நோயாளியின் சீரத்தை விட்டு, ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். உட்கரு முழுக்கப் பச்சையாக ஒரே சீராக ஒளிர்ந்தால் ஒரு வகை, புள்ளி புள்ளியாக இருந்தால் வேறு வகை. தங்கச்சி, உங்கள் அம்மா ரிப்போர்ட்டில் ‘ஹோமோஜீனியஸ்’ அல்லது ‘ஸ்பெக்கிள்டு’ என்று ஒரு வார்த்தை இருக்கும், எடுத்துப் பாருங்கள். எங்கள் மேடத்திடம் கேட்டுவிட்டேன், கல்லூரிக் கடிதம் கொண்டுவந்தால் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்.

ராயபுரத்து அக்கா:

தம்பிக்கு நன்றி. கட்டாயம் போம்மா, இருட்டறையில் அந்தப் பச்சையை ஒரு தடவை நேரில் பார்.

எலி விஷயம்: எலி வைத்து வேலை செய்யும் லேபில் சேர்ந்தால், ஆமாம், கொல்ல வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, வலி இல்லாமல் செய்யப் பயிற்சி கொடுத்த பிறகுதான் விடுவார்கள். சிலருக்கு இது கடைசிவரை ஒத்துவராது, அது ஒரு குறையே இல்லை. மனித ரத்தத்தில் மட்டும் வேலை செய்யும் லேப்கள் இருக்கின்றன, கம்ப்யூட்டரில் மரபணுத் தரவு மட்டும் பார்க்கும் லேப்களும் இருக்கின்றன. நேர்முகத் தேர்விலேயே வாய்விட்டுக் கேட்டுவிடு.

அம்மா ஞாபகம் வரும். டியூபில் பெயர் இருக்காது, ஒரு எண்ணும் வயதும் ‘பெண்’ என்றும்தான் இருக்கும். லூபஸ் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதனால் அந்த வார்த்தையைத்தான் நாள் முழுக்கப் பார்ப்பாய். ஏன் பெண்களுக்கு என்பதே ஒரு பெரிய கேள்வி. எக்ஸ் குரோமோசோமில் டிஎல்ஆர்7 என்று ஒரு மரபணு இருக்கிறது. ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்திக்கு அதில் ஏற்பட்ட ஒரே ஒரு மாற்றம் லூபஸைக் கொண்டுவந்தது என்று கரோலா வினுவேசாவின் குழு 2022இல் காட்டியது. அந்தக் கட்டுரையைத் தேடி எடு. முதல் தடவை பாதிகூடப் புரியாது, பரவாயில்லை. புரியாத இடங்களை எழுதி இங்கேயே போடு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். ஜாம் விண்ணப்பக் கடைசி தேதியை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடு.