மாற்றுருப் பங்கு: 'அதிர்வெண்'ணுக்கு ஒரு மாற்று

ஒரு மரபணுவின் வெவ்வேறு வடிவங்களே அல்லீல்கள்; ரத்தப் பிரிவை அமைக்கும் ஏ, பி, ஓ ஓர் எடுத்துக்காட்டு. மக்களிடையே அவை ஒவ்வொன்றும் எந்த விகிதத்தில் உள்ளன என்பதை மக்கள்தொகை மரபியலில் 'அல்லீல் அதிர்வெண்' என்று எழுதுவதை நான் ஏற்கத் தயங்குகிறேன். அதிர்வெண் இயற்பியலில் வேரூன்றிய சொல். ரத்தத்தில் எதுவும் அதிர்வதில்லை. நிகழ்வெண், இலங்கை வழக்கிலுள்ள மீடிறன் ஆகிய இரண்டும் புள்ளியியலுக்குப் பொருந்துபவையே என்றாலும், நேரில் எண்ணிப் பெற்ற தொகையையே அவை முதலில் நினைவூட்டுகின்றன. இங்கே நமக்கு வேண்டியதோ நேரில் எண்ண முடியாத ஒன்று.

கண்ணாடித் தகட்டில் விட்ட ரத்தத்துளி ஏ-எதிர் நீரில் (ஏ-யைக் கண்டறியும் சோதனை நீர்மத்தில்) மட்டும் திரிதிரியாகத் திரண்டால், அவர் ஏ பிரிவினர் என்று தெரிந்துவிடும். ஆனால் அவரிடம் இருப்பவை இரண்டு ஏ-க்களா, ஒரு ஏ-யும் ஒரு ஓ-வுமா என்பதை அந்தத் துளி சொல்லாது. அதைக் கணிதமே சொல்ல வேண்டும்.

கணக்குக்காக நூறு பேரில் ஓ 36, ஏ 45, பி 13, ஏபி 6 என்று கொள்வோம். ஓ பிரிவினருக்கு இரு பெற்றோரிடமிருந்தும் ஓ வந்தாக வேண்டும் என்பதால், 0.36-இன் வர்க்கமூலமான 0.6 ஓ-வின் பங்காகிறது. ஓ, ஏ பிரிவினரிடம் பி இல்லை; அவ்விரு பிரிவையும் கூட்டினால் 0.81, அதன் வர்க்கமூலமான 0.9 ஓ, ஏ இரண்டின் மொத்தப் பங்கு, எனவே பி-க்கு எஞ்சுவது 0.1, ஏ-க்கு 0.3. ஏபி பிரிவு இவ்விரண்டின் பெருக்கலைப் போல் இருமடங்கு, அதாவது 0.06 என்று வருவது எண்ணிக் கண்ட ஆறு பேரோடு ஒத்துப்போகிறது.

ஏ-யும் பி-யும் ஒன்றையொன்று சாராத இரண்டு மரபணு இணைகளால் அமைகின்றன என்னும் பழைய கருத்துப்படி பார்த்தால், ஏ உடையவர்களின் (ஏ, ஏபி) 0.51-ஐ, பி உடையவர்களின் (பி, ஏபி) 0.19-ஆல் பெருக்கி, ஏறத்தாழ பத்துப் பேர் ஏபி-யாக இருந்திருக்க வேண்டும். 1924-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் இத்தகைய முரண்பாட்டைக் கொண்டுதான், ஒரே இடத்தில் மூன்று அல்லீல்கள் என்று நிறுவினார். குடும்ப வழிகளைத் துருவாமல், எண்ணிக்கைகளை மட்டும் வைத்து இதைக் கண்டது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அந்த மூன்று என்பதே, அல்லீலுக்கு வழங்கும் 'எதிருரு' என்ற சொல்லுக்குத் தடையாகிறது. எதிர் என்றால் இரண்டு பேர் நிற்பதாகத் தோன்றும். 'மாற்றுரு' எத்தனைக்கும் இடம் தரும். மூன்றையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும் என்ற விதியைப் 'பங்கு' என்ற சொல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே, எண்ணிப் பெறும் ரத்தப் பிரிவுக்கு நிகழ்வெண் இருக்கட்டும்; கணித்துப் பெறுவதற்கு 'மாற்றுருப் பங்கு' என்பதை முன்மொழிகிறேன்.