கான்டெசாவின் பெட்ரோல் குழாயை முழுவதும் மாற்ற வேண்டும்: எந்த வழியாகக் கொண்டுபோவது?

கேள்வி: தர்மபுரி வாசி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையின் இந்துஸ்தான் கான்டெசா கிளாசிக், இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இயந்திரம் கொண்டது, ஆறு ஆண்டுகள் கொட்டகையில் நின்றுவிட்டு இந்தப் பொங்கலுக்குத்தான் மறுபடி சாலைக்கு வந்தது. இப்போது இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், வெயில் நேரத்தில், இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் பானட்டைத் திறந்து ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாகிவிட்டது, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏசி பம்பும் புதியது.

அடியில் படுத்துப் பார்த்தபோது, முன்பு யாரோ பழைய இரும்புக் குழாயின் நடுப்பகுதியை வெட்டிவிட்டு, செம்புக் குழாயைப் புரொபெல்லர் ஷாஃப்ட் (இயந்திரத்தின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு) ஓடும் பள்ளத்தின் வழியாக, சைலன்சர் குழாயை ஒட்டியே கொண்டுபோயிருப்பது தெரிந்தது. டேங்கிலிருந்து பம்ப் வரை எல்லாவற்றையும் புதிதாகப் போட எண்ணியிருக்கிறேன். அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர்) வண்டிகளில் போடுவதுபோல் 3/8 அங்குலக் குழாய் போட்டால் பெட்ரோல் தாராளமாக வரும் என்று ஒருவர் சொல்கிறார். சரியா?

பதில்: கிருஷ்ணகிரி பட்டறைக்காரர்

தம்பி, குழாய் வாங்குவதற்கு முன்னால் குற்றம் குழாயில்தான் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியில் பம்ப் இயந்திரத்தோடு இருப்பதால், டேங்கிலிருந்து அதுவரை வரும் நீளம் முழுவதும் உறிஞ்சும் பக்கம். அந்தப் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் துணியால் துடைத்து ஈரம் பார்ப்பவர்களுக்கு அது அகப்படுவதே இல்லை. இரவில் அதே ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து, குழாயில் நின்ற பெட்ரோல் டேங்குக்கே திரும்பிவிடுவதால்தான் காலையில் அவ்வளவு செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது.

பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் ஓஸைத் தற்காலிகமாகச் செருகி, இயந்திரத்தை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழிகள் தொடர்ந்து வந்தால், டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, பம்பை விடத் தாழ்வாக வைத்த ஓர் உலோகக் கேனிலிருந்து உறிஞ்சவிடுங்கள். கேனில் குமிழி நின்று, டேங்க் குழாயில் மட்டும் வருமானால் சந்தேகம் தீர்ந்தது. இதை இயந்திரம் ஆறியிருக்கும்போது, திறந்தவெளியில், தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

ஏற்றத்தில் நிற்பதற்குக் குழாய் போகும் வழியே காரணம் என்று நினைக்கிறேன். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவாக இருப்பதால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். பக்கத்திலேயே சைலன்சர் குழாய் சூடேற்றினால், பம்ப் திரவத்துக்குப் பதிலாக ஆவியை இழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே புதுக் குழாயை அதே வழியில் போட்டால் பணம்தான் வீண். கம்பெனி போட்ட வழிக்கே திரும்புங்கள்; பாடிக்கு அடியில் அழுக்கைச் சுரண்டினால் பழைய கிளிப்புகளின் துளைகள் வரிசையாகத் தெரியும். சைலன்சருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு கையகல இடைவெளியாவது இருக்கட்டும், கிடைக்காத இடத்தில் காற்றோட்டம் விட்டு ஒரு தகட்டை மறைப்பாக வையுங்கள். புரொபெல்லர் ஷாஃப்ட் பள்ளம் கூடவே கூடாது. ஷாஃப்டின் குறுக்கு இணைப்பு (யுனிவர்சல் ஜாயின்ட்) ஒருநாள் உடைந்தால் ஷாஃப்ட் சுழற்றி அடிக்கும் முதல் பொருள் பெட்ரோல் குழாயாக இருக்கும்.

3/8 அங்குலம் வேண்டாம். அந்த வி8 இயந்திரங்கள் குடிக்கும் அளவு வேறு. உங்கள் இயந்திரம் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்கு முப்பது லிட்டருக்குள்தான். கழற்றும் பழைய இரும்புக் குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து அதே அளவில் வாங்குங்கள். வளைப்பதற்கு முன், வெல்டிங் கம்பி ஒன்றை வண்டிக்கு அடியில் வைத்து வளைத்து மாதிரி எடுத்துக்கொண்டால் குழாய் வீணாகாது.

பதில்: ஓசூர் பொறியாளர்

மேலே பெரியவர் சொன்னதோடு ஓஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது நாம் நிரப்புவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். கான்டெசா உற்பத்தி 2002-இல் நின்றுவிட்டது. அந்தக் காலத்துச் சாதாரண ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதன்று. ஓஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற பெட்ரோல் ஓஸ் தரக்குறியீடு அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; அதன் உட்சுவர் எத்தனாலைத் தாங்கும் ஃபுளூரோ ரப்பர். பழைய ஓஸ் ஒன்றை இரண்டாக மடித்துப் பாருங்கள், வற்றிய ஏரி மண்போல் வெடிப்பு விட்டிருந்தால் அது முடிந்துவிட்டது.

ஓஸ், இயந்திரம் அசையும் இடத்திலும் டேங்க் வாயிலும் மட்டும் போதும், அதுவும் குட்டையாக. இரும்புக் குழாயின் முனையில் உப்பிய வளையம் எடுத்த பிறகே ஓஸைச் செருக வேண்டும், இல்லாவிட்டால் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் காற்று இழுக்கும். துளையிட்ட பட்டையுள்ள கிளாம்ப் ரப்பரை அறுத்துவிடும். மழமழப்பான பட்டை உள்ளதைக் கேளுங்கள்.

கேள்வி: பாலக்கோடு வாசகர்

செம்பு துருப்பிடிக்காதே, அதை ஏன் எடுக்கச் சொல்கிறீர்கள் ஐயா?

பதில்: கிருஷ்ணகிரி பட்டறைக்காரர்

துருப்பிடிக்காது, ஆனால் அதிர்வில் செம்பு இறுகிப்போய் ஒருநாள் வளைவில் விரிசல் விடும். வளைக்க எளிதாக வேண்டுமானால் செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் போடலாம். எதுவானாலும் ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப், ரப்பர் உறையோடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வேலையைச் சர்வீஸ் குழிக்கு மேல் வண்டியை நிறுத்திச் செய்யக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில் இறங்கித் தங்கிவிடும். கைவிளக்கின் ஒரு பொறி போதும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

பதில்: தர்மபுரி வாசி

அனைவருக்கும் நன்றி. நேற்று நீங்கள் சொன்னபடியே சோதித்தேன். டேங்க் குழாயில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, கேனில் ஒன்றுகூட இல்லை. பிறகு குழாயைக் கழற்றியபோது, பின்பக்க அச்சுக்கு மேல் எஞ்சியிருந்த பழைய இரும்புத் துண்டில், கிளிப்பின் அடியில் ஈரமண் தங்கிய இடத்தில், துரு பொரிந்து நகத்தால் தட்டினாலே உதிர்ந்தது. உள்ளே வெளிச்சம் தெரியும் அளவுக்கு ஒரு துளை. வெளியே ஒரு துளி பெட்ரோல் கறைகூட இல்லை. கம்பெனிக் கிளிப் துளைகள் ஒன்பது கிடைத்துவிட்டன. வெல்டிங் கம்பியில் மாதிரி எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை குழாயை வளைக்கிறோம்.