டெக்சாஸ்ல ஏஆர் பில்டு பண்ண ஆசையா? அப்பர் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி

இந்த மாசம் மட்டும் புதுசா வந்த தம்பிங்க மூணு பேரு ஒரே கேள்விய கேட்டுட்டாங்க, "அண்ணே, ஏஆர்-15 சொந்தமா பில்டு பண்ணலாம்னு இருக்கேன், எந்த அப்பர் ரிசீவர் எடுக்கலாம்"னு. ஏஆர்-15ங்கிறது ஒரு ரைஃபிள், அத பார்ட்ஸா வாங்கிப் பூட்டுறதுதான் பில்டு, பேரல் இருக்கிற மேல்பாதி அப்பர், ட்ரிகர் இருக்கிற கீழ்ப்பாதி லோயர். தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் இங்கயே கொட்டிடுறேன். நான் டாலஸ் பக்கம் பதிமூணு வருஷமா இருக்கேன், இப்ப கிரீன் கார்டு, ஊர்ல இருந்த வரைக்கும் தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி வெடிச்சதோட சரி.

அப்பர் கதை அப்புறம், மொதல்ல விசா கதை. ஏஆர்ல சட்டப்படி துப்பாக்கின்னா அது லோயர் மட்டும்தான், சீரியல் நம்பர் அதுலதான் இருக்கும், கடைக்குப் போய் 4473 ஃபார்ம் நிரப்பி பேக்ரவுண்டு செக் முடிஞ்சாத்தான் கைக்கு வரும். அப்பர் வெறும் பார்ட்டு. ஆன்லைன்ல ஆர்டர் போட்டா அரிசி மூட்டை மாதிரி அபார்ட்மென்ட் வாசல்ல வச்சிட்டுப் போயிடுவான், ஐடி கேக்க மாட்டான். நம்ம பசங்க ஏமாறுறது இங்கதான். பார்சல் வந்துடுச்சு, யாரும் ஒண்ணும் கேக்கல, அப்ப நமக்கு ஓகே போலன்னு நெனச்சுக்கிறாங்க. ஓகே இல்ல தம்பி. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 இப்படி நான்-இமிக்ரன்ட் (தற்காலிக) விசால வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுங்கிறது ஃபெடரல் சட்டம், டெக்சாஸ் எவ்ளோ தாராளமா இருந்தாலும் அது மாறாது. 2022-ல இருந்து அதுக்கு அதிகபட்ச தண்டனை 15 வருஷம். ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடுறதும் கையில வச்சிருக்கிறதுதான்.

விலக்கு இருக்கு, அதுல பிரபலமானது ஹன்டிங் லைசென்ஸ். ஏதாவது ஒரு ஸ்டேட் கொடுத்த லைசென்ஸ் செல்லுபடியா இருந்தா அந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. ஆனா டெக்சாஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓட முடிஞ்சிடும், நீங்க ஜூலைல எடுத்திருந்தாலும் அதே தேதிதான். செப்டம்பர் 1 காலைல துப்பாக்கி உங்க அலமாரில இருக்கும், விலக்கு இருக்காது. வருஷா வருஷம் பால் கார்டு மாதிரி ஞாபகம் வச்சு புதுப்பிக்கணும். என்னையக் கேட்டா கிரீன் கார்டு வர்ற வரைக்கும் இந்த ஆசைய ஓரமா வைங்க. கிரீன் கார்டு வந்தப்புறமும் துப்பாக்கிக் குத்தத்துல தண்டனை ஆனா நாடு கடத்துற அளவுக்குப் போகும், அதனால சந்தேகம்னா ரேஞ்சுல நிக்கிற அண்ணாச்சிகிட்ட கேக்காம இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஒரு மணி நேரக் காசு கொடுத்து கேளுங்க. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன் பக்கம் இருக்கிறவங்க இதுக்கு மேல படிக்கிறதுக்கு முன்னாடி அவங்க ஸ்டேட் சட்டத்த பாருங்க, ஏஆருக்கு அங்க கெடுபிடி ரொம்ப அதிகம்.

சரி, தகுதி இருக்குன்னு வச்சுக்குவோம்.

நான் மொத தடவ பண்ணின முட்டாள்தனத்த சொல்றேன். காசு மிச்சம்னு நெனச்சு வெறும் அப்பர் ஒரு கடைல, பேரல் இன்னொரு கடைல, ஹேண்ட்கார்ட் (பேரல சுத்தி கை பிடிக்கிற உறை) தள்ளுபடில வேற எங்கயோன்னு வாங்கினேன். வந்தப்புறம்தான் தெரியுது, பேரல் நட்டு இறுக்க டார்க் ரென்ச் (அளவு பாத்து முறுக்குற ஸ்பேனர்) வேணும், அப்பர நெரிக்காம பிடிக்க வைஸும் அதுக்குள்ள வைக்கிற ஒரு பிளாக்கும் வேணும், பேரல் மேல கேஸ் பிளாக்ங்கிற பார்ட்டு நேரா உக்காரணும். ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட்ல வைஸ எங்க மாட்டுறது, டைனிங் டேபிள்லயா? பேரல அப்பருக்குள்ள விட்டா லொடலொடன்னு ஆடுது. வீட்டம்மா வந்து பாத்துட்டு "இது என்ன மிக்ஸி பார்ட்ஸா"ன்னு கேட்டுட்டு போயிட்டா. டூல்ஸ் விலை, திருப்பி அனுப்பின செலவு எல்லாம் கூட்டிப் பாத்தா ரெடிமேடா ஒண்ணு வாங்கியிருக்கலாம்.

அதனால மொத பில்டுக்கு ஃபேக்டரில பூட்டின கம்ப்ளீட் அப்பர் எடுத்துக்கோங்க. லோயர நீங்களே பூட்டுங்க, அதுல சுத்தியலும் பின் தட்டுற பஞ்ச் கம்பியும் இருந்தாப் போதும், பொழுதும் போகும். ஆனா கம்ப்ளீட்னு போட்டிருக்கிறத நம்பி ஏமாறாதீங்க, பாதி கடைக்காரன் தோட்டாவ உள்ள ஏத்துற போல்ட் கேரியர் குரூப்பையும் அத பின்னாடி இழுக்குற சார்ஜிங் ஹேண்டிலையும் தனியா விப்பான், பெட்டியப் பிரிச்சு பின்பக்கமா பாத்தா உள்ள ஓட்டைதான் இருக்கும். விலைய ஒப்பிடும்போது அந்த ரெண்டையும் சேத்து ஒப்பிடுங்க.

பேரல் நீளம் குறைஞ்சது 16 இன்ச், இதுல பேரம் கிடையாது. 10.5 இன்ச் அப்பர் சீப்பா சேல்ல வரும், பாக்கவும் கும்முனு இருக்கும், அத ரைஃபிள் லோயர்ல மாட்டினா ஷார்ட் பேரல் ரைஃபிள் ஆயிடும், அது 1934-ல வந்த என்எஃப்ஏங்கிற ஃபெடரல் துப்பாக்கிச் சட்டத்துக்குள்ள போகுது. 2026 ஜனவரில இருந்து அதுக்கான 200 டாலர் வரி 0 ஆயிடுச்சு, அத அரகொறயா கேட்டுட்டு ரெஜிஸ்ட்ரேஷனே போயிடுச்சுன்னு ஒருத்தன் எங்கிட்டயே வாதாடினான். வரி மட்டும்தான் போச்சு, முன்கூட்டி விண்ணப்பம் போட்டு அப்ரூவல் வாங்குறது அப்படியேதான் இருக்கு.

கேஸ் சிஸ்டம்னு ஒண்ணு போட்டிருப்பான். சுடும்போது பேரல்ல ஒரு சின்ன ஓட்டை வழியா கேஸ் பின்னாடி வந்து போல்ட்ட தள்ளுது, அந்த ஓட்டை எவ்ளோ தூரத்துல இருக்குங்கிறதுதான் விஷயம். 16 இன்ச்சுக்கு கார்பைன் லெங்க்த்தும் (ஓட்டை கிட்ட) ஓடும், ஆனா மிட் லெங்க்த் (ஓட்டை கொஞ்சம் தள்ளி) எடுத்தா உதைப்பு மெதுவா இருக்கும், பார்ட்ஸும் அடி கம்மியா வாங்கும். ட்விஸ்ட், அதாவது பேரலுக்குள்ள இருக்கிற முறுக்கு, 1:8 (8 இன்ச்சுக்கு ஒரு சுத்து) இருந்தா குண்டு எடை 55 கிரெயின்ல இருந்து 77 கிரெயின் வரைக்கும் எல்லாத்துக்கும் ஒத்துப்போகும், அதுக்கு மேல யோசிக்காதீங்க. சேம்பர், அதாவது பேரல்ல தோட்டா உக்கார்ற இடம், 5.56 இல்லன்னா ரெண்டு தோட்டாவுக்கும் ஒத்துப்போற .223 வைல்டு எடுங்க. 5.56 சேம்பர்ல .223 சுடலாம், .223-னு மட்டும் போட்டிருக்கிற சேம்பர்ல 5.56 போடக்கூடாது, பிரஷர் கூடிடும். ரிசீவர் 7075 அலுமினியம் ஃபோர்ஜ்டுன்னு (அச்சுல அடிச்சது) இருந்தாப் போதும், பில்லட்னு (கட்டியில இருந்து கடைஞ்சது) கூடுதல் காசு கேக்கிறது பாதி அழகுக்குத்தான். எடதுகைக்காரங்க, காலி ஷெல் மொகத்துப் பக்கம் வராம தள்ளிவிடுற பிராஸ் டிஃபிளெக்டர்ங்கிற முட்டு இல்லாத ஸ்லிக் சைடு அப்பர் பக்கம் போகாதீங்க. பக்கத்து லேன்காரன் துப்பாக்கில இருந்து வந்த சூடான காலி ஷெல் ஒரு தடவ என் டீஷர்ட் காலருக்குள்ள விழுந்துச்சு, முருகா, ஆடின ஆட்டத்த பாத்தவங்க மறக்க மாட்டாங்க.

ரெண்டாவது அப்பரா 300 பிளாக்அவுட்ங்கிற பெரிய குண்டுத் தோட்டாவுக்கான அப்பர் வாங்குறவங்களுக்கு மட்டும் ஒண்ணு. அதே லோயர், அதே போல்ட், அதே மேகசின், பேரல் மட்டும்தான் வேற. அதுதான் அதோட வசதி, வில்லங்கமும் அதுதான். 300 தோட்டா சில சமயம் 5.56 பேரலுக்குள்ள போய் உக்காந்துடும், ட்ரிகர தட்டினா பெரிய குண்டுக்கு சின்ன ஓட்டை, அப்பரே வெடிச்சுப் பிளந்துடும். நான் 300 மேகசினுக்கெல்லாம் மஞ்சள் டேப் சுத்தி வச்சிருக்கேன், ரெண்டையும் ஒரே நாள் ரேஞ்சுக்கு எடுத்துட்டே போறதில்ல.

கீழ கமெண்ட்ல ஒரு தம்பி கேட்டிருக்கார், ஊர்லருந்து அப்பா வர்றார், எக்ஸ் சர்வீஸ்மேன், ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போலாமான்னு. விசிட்டர் விசாவும் நான்-இமிக்ரன்ட் விசாதான்பா. கூட்டிட்டு போங்க, பின்னாடி கண்ணாடி வழியா பாக்கட்டும், கையில கொடுக்காதீங்க. சேஃப் சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும், கொழந்தைங்க இருக்கிற வீடுன்னா அதுக்கு இன்னும் பத்து மடங்கு.

அப்புறம் ரேஞ்சுக்கு கொண்டு போற பைய ஊருக்கு போறப்ப கேபின் பேக்கா எடுக்காதீங்க. போன தடவ சென்னைக்கு பேக் பண்ணும்போது சைடு ஜிப்ப சும்மா தடவிப் பாத்தேன், 5.56 தோட்டா ஒண்ணு கெடக்கு, எப்ப விழுந்துச்சுன்னே தெரியல. இங்க தப்பிச்சு போயிருந்தாலும் மீனம்பாக்கத்துல திரும்பி வரும்போது ஆயுதச் சட்டத்துல கேஸ் ஆயிருக்கும். அந்தப் பைய அன்னிக்கே கராஜ்ல ஆணில மாட்டினேன், இன்னும் அங்கதான் தொங்குது, நாங்க ஊருக்குப் போக சரவணா ஸ்டோர்ஸ் கட்டப்பைதான்.