வயிற்றுச் சுவரில் வைக்கும் மெஷ்: தமிழில் என்ன சொல்வது?

தஞ்சாவூர், திங்கள் காலை

நம் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். குடலிறக்க (ஹெர்னியா) அறுவைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க இரண்டு பக்கத் துண்டறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எல்லாம் எழுதிவிட்டேன், பிதுங்கும் இடத்தைத் தாங்க வயிற்றுச் சுவரில் வைக்கும் வலை இருக்கிறதே, அந்த மெஷ் என்ற இடத்தில் தமிழ்ச் சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். போன மாதம் ஒரத்தநாட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். சிசேரியன் தழும்பில் பிதுக்கம், நடவுக்குக் குனிந்தால் தேங்காய் அளவுக்குத் தள்ளுகிறது. உள்ளே வலை வைத்துத் தைப்பார்கள் என்று மாணவி சொன்னதும், “கோழிக்கூண்டுக்கு அடிப்பாங்களே, அந்த வலையா பாப்பா? துருப் புடிக்காதா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, நாங்கள் சொன்ன சொல் போதவில்லை. ‘வயிற்று வலை’ என்று எழுதிப் பார்த்தேன். மெய்ப்புப் பார்த்த பெண் அதை ‘வயிற்று வலி’ என்று திருத்திக் கொடுத்தாள். அதை அன்றோடு விட்டேன்.

திருவையாறு, திங்கள் இரவு

அம்மா, நல்ல சொல் ஒன்று நம்மிடமே கிடக்கிறது: நெய்யரி. நன்னூலில் மாணாக்கருக்கு உவமை சொல்லும் இடத்தில் ‘நெய்யரி அன்னர்’ என்று வருமே, அதுதான். நெய்யைக் கீழே விட்டுக் கசண்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பன்னாடை. தென்னை மட்டையின் அடியில் சுற்றியிருக்கும் பன்னாடையை ஒருமுறை வெயிலில் பிடித்துப் பாருங்கள், குறுக்கும் நெடுக்குமாக இழை ஓடி அப்படியே நெய்த துணி போல இருக்கும். இயற்கை பின்னிய மெஷ் அது. இன்று வசவாகிப்போனதால் பன்னாடை என்று அச்சில் போட முடியாது, அது எனக்கு நெடுநாள் வருத்தம். ‘அரி’ என்ற வினையிலிருந்து ‘அரியிழை’ என்று ஆக்கலாம். அரித்தல், அரிசி, அரிப்பு, அரிவாள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றா என்பதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கும்பகோணம், செவ்வாய்

ஐயா, மன்னிக்க வேண்டும். நான் இந்த அறுவையைச் செய்கிறவன், அதனால் சொல்கிறேன். இந்த வலை எதையும் அரிப்பதில்லை, வடிகட்டுவதும் இல்லை. அதில் துளை இருப்பது உடம்பின் சதை அதன் ஊடாக வளர்ந்து பிடித்துக்கொள்வதற்காக. துளை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இழைக்கு இழை இடம்விட்டுத் திசு நன்றாக ஊடுருவும். சின்னதாக இருந்தால் இழையைச் சுற்றி வரும் தழும்பு ஒன்றோடொன்று கைகோத்துத் தகடு மாதிரி விறைத்துப் போகும், நோயாளிக்கு உள்ளே ஏதோ அட்டை வைத்தாற்போல உறுத்தும். இன்னும் நுண்ணிய துளை, பத்து மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) கீழே என்றால் கிருமி உள்ளே புகுந்துகொள்ளும், அதைத் தின்ன வேண்டிய நோயெதிர்ப்பு உயிரணு பின்தொடர முடியாது. சீழ் பிடித்தால் அப்புறம் வலையையே எடுக்கவேண்டி வரும்.

துண்டறிக்கையில் ‘உங்களுக்கு எந்த வலை, ஏன்’ என்ற பத்தி வேண்டும் என்றால் ஒரு சொல் போதாது, ஒரு குடும்பமே வேண்டும். சதுர மீட்டருக்கு 80 கிராமுக்கு மேல் கனத்தது ஒன்று, 50 கிராமுக்குக் கீழ் இலேசானது ஒன்று. இலேசானது உறுத்தாது என்று எல்லோருக்கும் அதையே வைத்துவிடவும் முடியாது, வயிற்றுச் சுவரில் உள்ள திறப்பை இழுத்து மூட வழியில்லாமல் வலையை மட்டும் பாலம் மாதிரி போட்ட இடத்தில் அது நடுவிலே கிழிந்ததுண்டு. குடலைத் தொடும்படி உள்ளே வைப்பதானால் வெறும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலை கூடாது, குடல் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் ஒட்டாத பூச்சு உள்ளதைத்தான் வைக்க வேண்டும்.

யாராவது ‘வலைத்துணி’ என்று ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்ற செய்தியை நம் மக்கள் எப்படிப் படிப்பார்கள் என்று தெரியும். துணி வேண்டாம்.

மன்னார்குடி, செவ்வாய்

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பில்லில் மெஷ், டாக்டர் வாயில் மெஷ், காப்பீட்டுத் தாளில் மெஷ். தமிழில் வேறு பெயர் சொல்லி அனுப்பினால் நோயாளியின் வீட்டுக்காரர் கவுன்ட்டரில் வந்து திகைத்து நிற்பார். தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவரை அலைய விடாதீர்கள் என்கிறேன்.

நாகப்பட்டினம், செவ்வாய் இரவு

வலையை விட்டு ஏன் எல்லோரும் ஓடுகிறீர்கள்? எங்கள் கரையில் துளை என்று யாரும் சொல்வதில்லை, கண். பெருங்கண் வலை, சிறுகண் வலை. அப்பா விரலைக் கண்ணுக்குள் விட்டே இது எந்த மீனுக்கு என்று சொல்லிவிடுவார். டாக்டர் ஐயா சொன்ன இரண்டும் அப்படியே பொருந்தும். ஒற்றை இழையில் பின்னியது ஓரிழை, பல இழையை முறுக்கிப் பின்னியது பல்லிழை. கோழிக்கூண்டு நினைவுக்கு வருகிறது என்றால் கொசுவலை என்று ஒப்பிட்டுச் சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. மகாராஷ்டிரத்தில் டோங்கோன்கர் என்ற அறுவை மருத்துவர் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி வைத்துப் பார்த்து 2003இல் எழுதியிருக்கிறார். உகாண்டாவில் அதையே முறையாக ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2016இல் வந்தது.

திருத்துறைப்பூண்டி, புதன்

நான் விவசாயி. எனக்கு இது உடைப்பு அடைக்கிற வேலையாகத்தான் படுகிறது. கரையில் உடைப்பு எடுத்தால் வாயை மட்டும் இழுத்து மூடினால் நிற்குமா? இரண்டு பக்கமும் நல்ல கரை மேல் ஏறுகிற மாதிரி தட்டி வைக்க வேண்டும். அதையும் தண்ணீர்ப் பக்கம் வைத்தால் தண்ணீரே தட்டியைக் கரையோடு அழுத்திப் பிடிக்கும், வெளிப்பக்கம் வைத்தால் தள்ளிக்கொண்டு போகும். ‘தட்டி’ என்றே சொல்லுங்கள், டெல்டாவில் ஒருத்தருக்கும் விளக்கவே வேண்டாம்.

கும்பகோணம், புதன் மதியம்

அண்ணே, இதைவிடத் தெளிவாக நான் மாணவர்களுக்குச் சொன்னதில்லை. தழும்புப் பிதுக்கத்தில் திறப்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது வலை ஏறி நிற்க வேண்டும் என்போம். தசைக்குப் பின்னால் வைப்பதில் உள்ள நன்மையும் நீங்கள் சொன்னதேதான், வயிற்றின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தட்டி விறைப்பானது. இது துணி போல மடங்கும், உடம்போடு கூடவே அசையும். பெயராக வேண்டாம், விளக்கமாக அப்படியே போடுங்கள்.

திருவையாறு, வியாழன்

அரியிழையை விட்டுவிடுகிறேன். ‘தாங்குவலை’ என்றால் என்ன? வினைத்தொகை. தாங்கிய, தாங்குகின்ற, தாங்கும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். ஊறுகாய், சுடுசோறு போல வாயிலும் உட்காரும். நாளடைவில் கரைந்துபோகிற வகை உண்டாமே, அதற்குக் கரைவலை. ஒரு பக்கம் பூச்சு உள்ளதற்கு இருமுக வலை. கனவலை, மென்வலை தானாக வரும். நெய்யரிக்கு வேறு வேலை வராமலா போகும்.

தஞ்சாவூர், வெள்ளி மதியம்

நேரமில்லை, கை தூக்கியவர்களை எண்ணினேன். தாங்குவலைக்கு ஏழு பேர், தட்டிக்கு இரண்டு, மெஷ் போதும் என்று மூன்று. தாங்குவலை என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும், “தாங்குவலை, மருத்துவமனையிலும் மருந்துக்கடையிலும் மெஷ் என்பார்கள். கொசுவலை போல மெல்லிய பிளாஸ்டிக் இழையால் பின்னியது, இரும்பு இல்லை, துருப்பிடிக்காது” என்று இருக்கும். உடைப்பும் தட்டியும் படமாகவே வருகிறது, மாணவி ஒருத்தி வரைந்திருக்கிறாள்.

திருத்துறைப்பூண்டி, வெள்ளி

படத்தில் தட்டி, எழுத்தில் வலை. எனக்கு இன்னும் சம்மதமில்லை.

கும்பகோணம், வெள்ளி இரவு

அச்சுக்குப் போயிருக்காது என்று நினைத்து எழுதுகிறேன். தலைப்பில் ‘குடலிறக்கம்’ என்று இருக்கிறது. பல பேருக்கு வெளியே வருவது குடலே இல்லை, கொழுப்பு மட்டும்தான். தொப்புளிலும் தழும்பிலும் வருவது இறங்குவதும் இல்லை, பிதுங்குகிறது. ‘வயிற்றுச்சுவர்ப் பிதுக்கம்’ என்று மாற்ற முடியுமா அம்மா?