கைகளை வெட்டிவிடாதீர்கள்

திருமணத்துக்குப் பத்து நாள் முன்னால் மணமகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “படம் எடுக்கும்போது எங்கள் கைகளை வெட்டிவிடாதீர்கள். இது ஒன்றுதான் என் வேண்டுகோள்.” மணமக்கள் இருவருக்குமே காது கேட்காது. வரப்போகிறவர்களில் பாதிப் பேர் சைகை மொழியில் பேசுகிறவர்கள்.

ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபராகப் பல வருடங்கள் ஓடிவிட்டன. திருமணம், பிறந்த நாள், மேடை நிகழ்ச்சி, விளையாட்டுப் போட்டி என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த பிறகு பழைய ஆல்பங்களைத் திறந்து பார்த்தேன். க்ளோசப் என்று நான் எடுத்த படங்களில் பெரும்பாலானவை மார்போடு நின்றுவிடுகின்றன. கை வந்தாலும் பாதி முழங்கையோ, விரல் நுனியோதான் ஃப்ரேமுக்குள் இருக்கிறது. முகம் நன்றாக வந்தால் படம் நன்றாக வந்தது என்றே பழகியிருக்கிறேன். கையால் பேசுகிறவர்களை அப்படி எடுத்தால் பேச்சையே வெட்டிவிட்டதாக அர்த்தம்.

நேரில் சந்திக்கப் போனேன். மணமகளின் அக்காவுக்குக் காது கேட்கும்; அவர்தான் நாங்கள் பேசியதை இரு பக்கமும் எடுத்துச் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கேள்வியிலேயே மணமகள் மேசையை மெதுவாகத் தட்டி, ‘என்னைப் பார்த்துப் பேசுங்கள்’ என்று தன்னைச் சுட்டிக் காட்டினார். அன்றைக்குக் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது நடுவில் போய் நின்றால் பேச்சு அறுந்துவிடும். விளக்கைக் குறைத்தால் யாரும் யாரோடும் பேச முடியாது. ஃப்ளாஷ் நேராகக் கண்ணில் அடித்தால், எதிரே நிற்பவர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தில் இரண்டு சொல் போய்விடும். மங்கலான வெளிச்சம்தான் அழகு என்று நான் எத்தனையோ பேருக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். அது எல்லோருக்கும் ஆகாது என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

திரும்பி வந்ததும் தம்பியை உட்காரவைத்துக் கையை ஆட்டச் சொல்லி எடுத்துப் பார்த்தேன். மண்டபத்துக்குள் வழக்கமாக வைக்கும் 1/100 நொடி ஷட்டர் வேகத்தில் விரல்கள் எல்லாம் புகைபோல வந்தன. 1/250 வைத்தேன், உள்ளங்கை நின்றது, விரல் நுனி நிற்கவில்லை. 1/500-இல்தான் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அடுத்த பிரச்சினை ஃபோகஸ். 85 மி.மீ. லென்ஸின் துளையை எஃப்/1.8-க்கு அகலமாகத் திறந்துவைத்து இரண்டரை மீட்டரில் நின்று எடுத்தால், படம் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஷார்ப்பாக இருக்கும் ஆழம் ஐந்து விரற்கடைதான். கேமரா கண்ணைப் பிடித்துக்கொள்ளும். முகத்துக்கு முன்னால் நீண்டிருக்கும் கை கலங்கிப்போகும். நான்கு மீட்டருக்குத் தள்ளிப் போய், துளையைச் சுருக்கி எஃப்/4 வைத்தபோது அந்த ஆழம் சுமார் அரை மீட்டர் ஆனது. கண்ணும் தெளிவு, கையும் தெளிவு. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் தலைக்கு மேலே தூக்கிய கையும் ஃப்ரேமுக்குள் அடங்கியது.

சரி, 1/500, எஃப்/4 என்று முடிவு செய்தாயிற்று. ஆனால் அந்த 1/500-ஐ மண்டபத்து எல்இடி விளக்கின் கீழே வைக்க எனக்குப் பயமாக இருந்தது. காரணம் ஒரு பழைய அனுபவம்.

குழந்தைகளின் நடன நிகழ்ச்சி ஒன்றை எடுக்கப் போயிருந்தேன். குதிக்கும்போது நிறுத்திப் பிடிக்கவேண்டும் என்பதற்காக ஷட்டரை 1/800-க்கு ஏற்றி, சத்தம் வராமலிருக்க எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டில் கம்ப்யூட்டரில் திறந்தால் முகங்களின் குறுக்கே பட்டைப் பட்டையாக இருட்டு. மின்சாரம் நொடிக்கு 50 சுற்று வரும் இடத்தில் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. 60 சுற்று என்றால் 120 முறை. நம் கண்ணுக்கு அது தெரியாது. 1/100 நொடி ஷட்டர் திறந்திருந்தால் ஒரு முழு ஏற்ற இறக்கமும் படத்துக்குள் வந்து வெளிச்சம் சமமாகிவிடும். அதைவிட வேகமாக வைத்தால் சென்சாரின் ஒரு பகுதி பிரகாசமான கணத்தையும் இன்னொரு பகுதி மங்கிய கணத்தையும் பிடிக்கும். பல கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர் வரிவரியாகத் தாமதித்துப் படிக்கும் என்பதால் பட்டைகள் இன்னும் அதிகமாக விழும். அன்றைக்கு எடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்கிற நிலையில் இருந்தது. ஒரு குழந்தையின் தனி நடனம் முழுக்கப் போய்விட்டது. அந்த அம்மாவிடம் சொன்னபோது, “அவள் ஆடியதே அந்த மூன்று நிமிஷம்தான்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால் இந்தத் திருமண மண்டபத்துக்கு இரண்டு நாள் முன்பே கேமராவோடு போய்விட்டேன். எல்லா விளக்கையும் போடச் சொல்லி, மெக்கானிக்கல் ஷட்டரில் 1/500 வைத்து வெள்ளைச் சுவரை வரிசையாக எடுத்தேன். மேடை விளக்கின் கீழே எடுத்த ஒவ்வொரு படத்திலும் மேலே வெளிச்சம், கீழே மங்கல், அடுத்ததில் நேர்மாறாக. நினைத்தது போலவேதான் இருந்தது. ஆனால் கிழக்குப் பக்கம் முழுக்க உயரமான ஜன்னல்கள் இருந்தன. பகல் வெளிச்சம் துடிக்காது. அந்த இடத்தில் 1/500 வைத்தாலும் கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 800-க்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

மணமகளின் அக்காவைக் கூப்பிட்டு, “இருக்கையை மேடையிலிருந்து ஜன்னல் பக்கம் மாற்ற முடியுமா அக்கா?” என்று கேட்டேன். போட்டோகிராபர் இருக்கையை மாற்றச் சொன்னால் பெரும்பாலும் யாருக்கும் பிடிக்காது. அவர் அந்த இடத்தில் போய் நின்று, கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தில் தன் கையைப் பார்த்தார். “கடைசி வரிசை வரைக்கும் கை தெரியும். எங்களுக்கும் இதுதான் நல்லது” என்றார். அன்று மாலையே நாற்காலிகளின் வரிசை மாறியது.

திருமண நாளில் நான் ஓரமாகவே நின்றேன். நடுவில் புகவில்லை. ஃப்ளாஷைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும், அதுவும் கூரையில் அடித்துத் திரும்பும்படி வைத்தேன். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியதைக் கையால் சொல்லி முடித்தபோது மண்டபத்தில் கைதட்டல் இல்லை. நூற்றுக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் மேலே எழுந்து, விரல்களை விரித்து அசைந்தன. காது கேட்கும் உறவினர்கள் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு அவர்களும் கையைத் தூக்கினார்கள். அதை மட்டும் ஷட்டரைக் குறைத்து 1/30-இல் நான்கு படம் எடுத்தேன். அந்த அசைவு படத்தில் அசைவாகவே இருக்கவேண்டும் என்று பட்டது.

எதையும் உடனே அழிக்காமல் வைத்திருக்கிற என் பழக்கம் இந்த வேலையில்தான் உதவியது. அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு திருமணத்தில், மங்கலான அறையில், காலி கார்டு என்று நினைத்து காலையில் எடுத்த கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன். அது தெரியாமல் அதிலேயே மேலும் இருநூறு படம் எடுத்தேன். ஃபார்மட் செய்யும்போது பெரும்பாலும் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் போகிறது, படங்கள் கார்டிலேயே கிடக்கும். மேலே புதிதாக எதுவும் எழுதாமல் இருந்தால் மீட்பு மென்பொருளால் எடுத்துவிடலாம். நான்தான் எழுதிவிட்டேனே. பாதி கிடைத்தது. மணமகளை அவர் அம்மா தயார் செய்த படங்கள் கிடைக்கவில்லை. அன்றிரவே போய்ச் சொன்னேன். அந்த அம்மா எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அந்த வீட்டிலிருந்து எனக்கு மறுபடி அழைப்பு வரவில்லை, அது நியாயம்தான்.

அதிலிருந்து, எடுத்து முடித்த கார்டு உடம்போடு இருக்கும் பைக்குத்தான் போகும். கேமரா பையில் வைப்பதில்லை. இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டிலும் ஒரே படம் பதிவாகும். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறொரு வீட்டில். வாடிக்கையாளர் “எல்லாம் சரி” என்று சொல்லும்வரை, நான் ஒதுக்கிய படங்களைக்கூட அழிப்பதில்லை.

இந்தத் திருமணப் படங்களைப் பார்க்க மணமக்கள் இருவரும் அக்காவோடு வந்தார்கள். அறுநூற்றுச் சொச்சம் படம் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். மணமகன் நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனார். சில படங்களில் நிறுத்தி, அந்தக் கையைத் தானும் செய்துகாட்டி மணமகளைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் பார்த்தது படத்தை மட்டுமல்ல, அன்றைய பேச்சையும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். பாதி வந்ததும் மணமகள் நிறுத்தினார். கைபேசியில் எழுதிக் காட்டினார்: “என் தோழி பேசியது எங்கே? பத்து நிமிஷம் பேசினாளே.”

எடுத்திருந்தேன். ஒதுக்கிவிட்டேன். ஏனென்றால் அந்தப் பெண் பேசும்போது புருவம் தூக்கியிருந்தது, கன்னம் உப்பியிருந்தது, கண் இறுக மூடியிருந்தது. என் கண்ணுக்கு எல்லாமே ‘முகம் சரியில்லாத’ படங்கள். சைகை மொழியில் முகமும் இலக்கணம் என்று அக்கா அப்போதுதான் விளக்கினார். புருவம் உயர்ந்தால் அது கேள்வியாக இருக்கலாம். கன்னம் உப்பினால் ‘மிகப் பெரிய’ என்று ஆகலாம். கையும் முகமும் சேர்ந்தால்தான் வாக்கியம்.

ஒதுக்கிவைத்த ஃபோல்டரை அப்படியே திறந்து அவர்கள் பக்கம் கம்ப்யூட்டரைத் திருப்பிவைத்தேன். முந்நூறுக்கு மேல் இருந்தது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து இருவரும் பார்த்தார்கள். அதிலிருந்து பத்தொன்பது படம் எடுத்து ஆல்பத்தில் வைக்கச் சொன்னார்கள். முதல் பக்கத்துக்கு மணமகள் தேர்ந்தெடுத்தது, தோழி கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்திருந்த படம்.